அயல் களைகளைக் கண்டறிந்து கண்காணிக்கும் செயலி: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இது: நீலகிரி அடிவாரக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், கணினித்துறை மாணவர்கள் சிலருடன் சேர்ந்து ஒரு தமிழ்ச் செயலியை உருவாக்க விரும்புகிறார். அயல் ஆக்கிரமிப்புத் தாவரத்தைப் படம் பிடித்தவுடன் அது பெயரைச் சொல்லி, இருக்குமிடத்தை வரைபடத்தில் பதிய வேண்டும். எந்தத் தொழில்நுட்பத்தைத் தேர்வது, எத்தனை படங்கள் சேர்த்தால் போதும், இதற்கு முன் யார் இதைச் செய்திருக்கிறார்கள் என்று கேட்கிறார்.

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதலிரண்டுக்குமான விடை பெரும்பாலும் அதற்குள்ளேயே கிடக்கிறது.

இத்துறையில் நெடுநாள் நிலைத்திருக்கும் கருவிகளுள் ஒன்று எட்மேப்ஸ். அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஆக்கிரமிப்பு இனங்களுக்கென இயங்கும் மையம் அதை 2005இல் தொடங்கியது. தென்கிழக்கு மாநிலங்களின் அயல் தாவரங்களைக் குறித்துவைக்கத் தொடங்கிய அது, பின்னர் பூச்சிகள், நோய்கள், விலங்குகள் என விரிந்து, இன்று கனடாவிலிருந்தும் பதிவுகளைப் பெறுகிறது. அதன் உள்ளமைப்பைத் திறந்து பார்க்கும் கணினி மாணவர்களுக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கும். வியந்து நிற்க வைக்கும் நுட்பம் எதுவும் அதன் மையத்தில் இல்லை. ஒருவர் இனத்தின் பெயர், இடம், நாள், படம், பரவிய பரப்பு ஆகியவற்றை இடுகிறார். அந்த மாநிலத்துக்கும் அந்த இனத்துக்கும் பொறுப்பேற்றுள்ள சரிபார்ப்பாளரிடம் அது செல்கிறது. அவர் ஏற்றபின் உறுதியான பதிவாகிறது. அந்த இனத்தின் வருகைக்காக விழித்திருக்கும் அலுவலர்களுக்கு மின்னஞ்சல் போகிறது. இத்தனை ஆண்டுகள் அது உயிரோடு இருப்பதற்கு அந்தச் சரிபார்ப்பாளர் பட்டியலே காரணம் என்பது என் துணிபு. ஃப்ளோரிடாவில் மலைப்பாம்பு போன்ற அயல் விலங்குகளுக்காக அதே மையம் உருவாக்கித் தந்த 'ஐவ் காட் ஒன்' செயலியின் பெயரே ஒரு கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணின் எழுத்து வடிவம்தான். பாம்பைக் கண்டவர் செயலியில் பதியலாம், அல்லது அந்த எண்ணை அழைக்கலாம். செயலி என்பது அந்த அழைப்புக்கு இன்னொரு வாசல், அவ்வளவே.

ஆகவே உங்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஒரு வரி நிரல் எழுதும் முன், 'இங்கே புதிதாக ஒரு செடி தெரிகிறது' என்ற செய்தி வந்த மறுநாள் காலை அதைத் திறந்து பார்த்து, செருப்பை மாட்டிக்கொண்டு அவ்விடத்துக்குக் கிளம்பப்போகிறவர் யார் என்பதைப் பெயரோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். அப்பெயர் கிடைக்காவிட்டால் நீங்கள் உருவாக்கப்போவது அழகான வரைபடமாக இருக்கும். கண்காணிப்புக் கருவியாக இராது. பெயர் கிடைத்துவிட்டால், அவர் எதை நம்புவார், எதை நம்பமாட்டார், எத்தனை பொய்யான அழைப்புகளைப் பொறுத்துக்கொள்வார் என்பவையே மற்ற எல்லாத் தொழில்நுட்ப முடிவுகளையும் தீர்மானிக்கும்.

பொய்யான அழைப்புகளைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும், ஏனெனில் படம் பார்த்துப் பெயர் சொல்லும் செயலிகளைக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் அதுதான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டிய பிளெய்ன் நகருக்கு அருகில், 2019 டிசம்பரில் ஆசியாவின் பெருங்குளவி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. தேனீக்கூட்டங்களையே அழித்துவிடக்கூடியது என்பதால் மாநில வேளாண்துறை இணையத்தில் ஒரு படிவத்தைத் திறந்து, கண்டவர்கள் படத்தோடு தெரிவிக்குமாறு கேட்டுக்கொண்டது. அவ்வாறு சேர்ந்த தரவு 2021இல் கல்லூரி மாணவர்களுக்கான ஒரு பன்னாட்டுக் கணித மாதிரியாக்கப் போட்டியில் கணக்காகவே கொடுக்கப்பட்டது. அதிலிருந்த பதிவுகள் 4,440. அவற்றுள் பெருங்குளவி என உறுதியானவை 14. அது அல்ல என்று உறுதியானவை 2,069. படம் இல்லாமலோ தெளிவில்லாமலோ முடிவு சொல்ல இயலாதவை 2,342. மீதி அப்போது பரிசீலனைக்கே வராதவை.

இந்த விகிதத்தை மனத்தில் இருத்திக்கொண்டு, உங்கள் மாணவர்கள் '95 விழுக்காடு துல்லியம்' என்று மகிழ்ச்சியோடு காட்டப்போகும் முடிவை எண்ணிப் பாருங்கள். ஆயிரம் படங்கள் வருகின்றன, அவற்றுள் பத்தில் மட்டுமே தேடும் இனம் உண்மையாக இருக்கிறது என்று கொள்வோம். கருவி அந்தப் பத்தையும் ஏறக்குறைய முழுமையாகப் பிடித்துவிடும். ஆனால் மீதி 990 படங்களில் நூற்றுக்கு ஐந்து தவறினாலே ஏறத்தாழ 50 பொய் எச்சரிக்கைகள் எழும். ஆக 60 முறை மணி அடிக்கும். 10 முறைதான் உண்மை. வனவர் ஒருவரை ஐந்து முறை வீணாக அலையவிட்டால் ஆறாவது முறை அவர் வரமாட்டார் என்பதற்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. அரிதான ஒன்றைத் தேடும்போது துல்லியம் என்ற ஒற்றை எண் நம்மை ஏமாற்றும். 'எச்சரித்தவற்றுள் எத்தனை மெய்' என்பதையும் 'மெய்யானவற்றுள் எத்தனை தப்பின' என்பதையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

அதற்காக அப்படிவத்தை வீண் என்று சொல்லிவிட முடியாது. பொதுமக்கள் அனுப்பிய தகவல்களும் பொறிகளும் காட்டிய திசையில்தான் துறையினர் தேடினார்கள். குளவிகளைப் பிடித்து, அவற்றின் உடலில் சிறு வானொலிக் கருவியைக் கட்டி, பின்தொடர்ந்து சென்று, 2020 அக்டோபரில் முதற்கூட்டையும் மறு ஆண்டில் மேலும் மூன்று கூடுகளையும் அழித்தார்கள். 2024 டிசம்பரில் அந்த இனம் நாட்டிலிருந்து ஒழிக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. பதினான்கு மெய்ப் பதிவுகளுக்காக நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொறுமையாகப் புரட்டிய பூச்சியியலாளர்கள் அக்கதையில் இருக்கிறார்கள் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பிரிட்டனில் தேனீக்களை வேட்டையாடும் இன்னோர் அயல் இனமான மஞ்சள்கால் குளவிக்காக 2017இல் வந்த செயலியும் அவ்வாறே இயங்குகிறது. வரும் படங்களில் மிகப்பெரும்பாலானவை அந்நாட்டுக்கே உரிய குளவிகளும் குளவி வேடமிட்ட ஈக்களும்தாம். வல்லுநர்கள் சலித்தெடுத்த பின்னரே அந்நாட்டு அரசின் தேனீப் பிரிவு ஆய்வாளர்கள் கூட்டைத் தேடிக் கிளம்புகிறார்கள். 2023இல் அவர்கள் 56 இடங்களில் 72 கூடுகளைக் கண்டுபிடித்து அழித்தார்கள்.

இனி உங்கள் ஊருக்கு வருவோம். உங்கள் பகுதியில் செயலி கையாளப்போகும் தாவரங்கள் ஒரே வகையானவை அல்ல. உண்ணிச்செடியை அடையாளம் காட்டக் கூடலூர்ப் பக்கம் யாருக்கும் செயலி வேண்டாம்; ஆடு மேய்க்கும் சிறுவனே சொல்லிவிடுவான். அங்கே எழும் கேள்விகள் வேறு: எந்தச் சரிவுகள் இன்னும் அதனிடமிருந்து தப்பியிருக்கின்றன, அகற்றிய இடத்தில் எத்தனை மாதத்தில் மீண்டும் முளைத்தது, அவ்விடத்துக்கு யாராவது திரும்பச் சென்றார்களா? மஞ்சள் பூப் பூக்கும் அயல் மரமான சென்னா ஸ்பெக்டபிலிஸும் அப்படித்தான். வெட்டினால் அடிமரத்திலிருந்து கொத்தாகத் துளிர்க்கும் தன்மையுடையது என்பதால், அகற்றிய நாளைவிட அகற்றிய பிறகு பார்த்த நாள்களே பதிவேட்டில் முக்கியம். மாறாக, இன்னும் உங்கள் வட்டத்துக்குள் வராத, வந்தால் பெருந்தொல்லையாகக்கூடிய இனங்களுக்கு மேற்சொன்ன குளவிக் கணக்கு பொருந்தும். முன்னதற்குத் தேவைப்படுவது மறுவருகைப் பதிவேடு. பின்னதற்குத் தேவைப்படுவது எச்சரிக்கை மணி. இரண்டையும் ஒரே திரையில் திணித்த கருவிகள் இரண்டையும் ஒழுங்காகச் செய்து நான் பார்த்ததில்லை.

அடையாளம் காணும் பகுதியை வைத்தே தீருவது என்றால், எத்தனை படங்கள் என்று கேட்பதைவிட எவற்றின் படங்கள் என்று கேளுங்கள். சமவெளியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு: சீமைக்கருவேலத்தை மட்டும் ஆயிரக்கணக்கில் காட்டிப் பயிற்றுவித்த கருவி, முள்ளும் சிற்றிலையும் உள்ள எதைக் கண்டாலும் சீமைக்கருவேலம் என்றே சொல்லும். நம் நாட்டு மரமான கருவேலமும், கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னியும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். தாவரவியல் தெரிந்தவருக்கு வேறுபாடு எளிது. கருவேலத்தின் பூ மஞ்சள் நிறச் சிறு உருண்டை. காய் மணிமாலைபோல இடையிடையே இறுகியிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூங்கொத்து நீண்ட கதிராகத் தொங்கும். முற்றிய காய் வைக்கோல் நிறத்தில் சற்றே தட்டையாக இருக்கும். முட்கள் கணுக்களில் எழும். வன்னியில் முட்கள் கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டிலும் சிதறிக் கிடக்கும். ஆனால் பத்தடி தூரத்திலிருந்து எடுத்த ஒரே ஒரு படத்தில் இவை எதுவும் தெரியாது. 2017இல் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை அடுத்து ஊரூராகச் சீமைக்கருவேலம் வெட்டப்பட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். அப்படியொரு வேகத்தில் செயலி தவறாக ஒரு வன்னியைக் காட்டினால், அத்தவறைத் திருத்த மரம் அங்கே நிற்காது.

எனவே, தேடும் ஒவ்வோர் அயல் இனத்துக்கும் அதைப்போலத் தோற்றமளிக்கும் உள்ளூர் இனங்களின் படங்களைச் சம எண்ணிக்கையிலாவது சேர்க்க வேண்டும். சென்னா ஸ்பெக்டபிலிஸோடு சரக்கொன்றையும் சாலையோர மஞ்சட்கொன்றையும் இருந்தாக வேண்டும். சரக்கொன்றையின் பூ சரமாகத் தொங்க, சென்னா ஸ்பெக்டபிலிஸின் பூங்கொத்து கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும் என்பதைக் கருவி கற்றுக்கொள்வது அப்போதுதான். பூத்த நிலையை மட்டும் படமெடுக்காமல் நாற்று, இளஞ்செடி, இலையுதிர்ந்த கிளை ஆகியவற்றையும் எடுக்க வேண்டும்; களையெடுப்பவருக்குப் பயன்படுவது நாற்றுப் பருவத்தில் கிடைக்கும் தகவல், நம் கைப்பேசிகளில் குவிந்திருப்பதோ பூப்படங்கள். பயனரிடம் ஒரு படத்துக்குப் பதிலாக இலை, பூ அல்லது காய், தண்டு, முழுத்தோற்றம் என நான்கு கேளுங்கள். 'எனக்குத் தெரியவில்லை' என்ற விடையைக் கருவிக்குக் கற்றுக்கொடுங்கள். கருவியைச் சோதிக்கும்போது, ஒரே மரத்தின் ஐந்து படங்களில் நான்கைப் பயிற்சிக்கும் ஒன்றைத் தேர்வுக்கும் வைத்துவிட்டு 98 விழுக்காடு என்று பெருமை கொள்ளாதீர்கள். வினாத்தாளை முன்கூட்டியே மாணவரிடம் காட்டிவிட்டு மதிப்பெண் போடுவதற்கு ஒப்பானது அது. பயிற்சிக்குப் போகாத ஊரில், வேறொருவர் கைப்பேசியில் எடுத்த படங்களைக் கொண்டே சோதிக்க வேண்டும்.

படத்தால் ஒருபோதும் முடியாதவையும் உள்ளன. 2008இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டபோது, பப்பாளித் தோட்டங்களும் மல்பெரித் தோட்டங்களும் வெள்ளைப் பஞ்சு பூசியதுபோல் ஆயின. மாவுப்பூச்சிகளை இன அளவில் பிரித்தறிய, முதிர்ந்த பெண்பூச்சியைக் கண்ணாடித் தகட்டில் பதித்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்; கைப்பேசிப் படம் 'ஏதோ ஒரு மாவுப்பூச்சி' என்பதைத் தாண்டிச் சொல்லாது. ஆனால் சரியான இனப்பெயர் தெரிந்ததால்தான் அதன் தாயகப் பகுதியில் அதை அடக்கிவைக்கும் ஒட்டுண்ணிக் குளவியைத் தேடிப் போக முடிந்தது. 2010இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அந்தச் சிறு குளவிகள் மருந்தால் ஆகாததைச் செய்தன. இத்தகைய இனங்களுக்கு உங்கள் செயலி 'மாதிரியை இன்ன ஆய்வகத்துக்கு, இன்ன முறையில் அனுப்புக' என்று சொல்லிவிட்டு நிற்பதே நேர்மை. 2016இல் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் முதலில் பதிவான சுருள் வெள்ளை ஈயின் கதையிலும் ஒரு பாடம் உண்டு. அதை என்கார்சியா என்ற ஒட்டுண்ணி இயற்கையாகவே தாக்கிக் கட்டுப்படுத்துகிறது. பூச்சிக்கொல்லி தெளித்தால் அந்த ஒட்டுண்ணியும் சேர்ந்து மடியும். பெயரைச் சொன்ன கையோடு மருந்தின் பெயரையும் சொல்லும் செயலிகள் பெருகியுள்ள நாளில், உங்களுடையது அவ்வாறு செய்யக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதிவேட்டின் வடிவத்துக்கு வருவோம். இங்கே புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். உயிரினப் பதிவுகளுக்கென டார்வின் கோர் என்ற பொது வரையறை 2009இல் ஏற்கப்பட்டது. கோபன்ஹேகனில் செயலகம் கொண்ட ஜிபிஃப் என்ற உலகத் தரவுக் கூட்டமைப்பு 200 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை அவ்வடிவில்தான் வைத்திருக்கிறது. அந்த வரையறையின் தலைப்புகளை அப்படியே எடுத்துக்கொண்டால், நாளை உங்கள் தளம் மூடப்பட்டாலும் தரவு அநாதையாகாது. அவற்றுள் பலர் விட்டுவிடும் மூன்று தலைப்புகளை மட்டும் இங்கே வலியுறுத்துகிறேன்.

ஒன்று, இடத்தின் பிழையளவு. அடர்ந்த காட்டிலும் பள்ளத்தாக்கிலும் கைப்பேசி காட்டும் இடம் பல மீட்டர் விலகும். வரைபடத்தில் விரலால் தொட்டுக் குறித்தால் இன்னும் விலகும். எத்தனை மீட்டர் பிழை இருக்கலாம் என்ற எண் இல்லாத புள்ளி, மீண்டும் அவ்விடத்தைத் தேடிப் போகிறவரை அலைக்கழிக்கும். இரண்டு, அச்செடி நட்டதா தானாய் முளைத்ததா என்பது. பொதுமக்கள் உயிரினங்களைப் படமெடுத்துப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில், நட்டு வளர்த்தது எனக் குறித்த பதிவு 'ஆய்வுத்தரம்' என்ற தகுதியைப் பெறாது. காட்டுயிர் ஆய்வுக்கு அது சரியே. அயல் இனங்களைப் பொறுத்தவரை பரவலின் ஊற்றே வேலியாகவும் நிழல்மரமாகவும் நட்ட செடிகள்தாம். உங்கள் கருவியில் அவை தனி நிறத்தில் தெரிய வேண்டும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது: 'பார்த்தேன், இல்லை' என்ற பதிவு. கண்டதை மட்டும் பதியும் வரைபடத்தில் வெற்றிடம் இருந்தால், அங்கே செடி இல்லையா, ஆள் போகவில்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அத்தகைய வரைபடங்கள் பெரும்பாலும் சாலைகளின் வரைபடமாகவும் விடுமுறை நாள்களின் வரைபடமாகவும் ஆகிவிடும். இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு நம் நாட்டிலேயே உண்டு. நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் புலிக் கணக்கெடுப்பில், வனக் காவலர்கள் நடைபாதையில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை நின்று, வரையறுத்த பரப்புக்குள் இருக்கும் தாவரங்களையும் களைகளையும் குறிக்கிறார்கள். அண்மைச் சுற்றுகளில் எம்-ஸ்ட்ரைப்ஸ் என்ற கைப்பேசிச் செயலியும் அதற்குப் பயன்பட்டது. அங்கே உண்ணிச்செடி இல்லையென்றால் 'இல்லை' என்பதும் ஒரு தரவு. அவ்வாறு 20 மாநிலங்களில் ஏறத்தாழ 1,58,000 இடங்களில் திரட்டியதைக் கொண்டுதான் இந்திய வனவுயிர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நாட்டின் அயல் தாவரப் பரவலைப் பற்றிய விரிவான ஆய்வை 2023இல் வெளியிட்டார்கள். புலியைத் தேடிப் போனவர்கள் களையின் வரைபடத்தையும் கொண்டுவந்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. உங்கள் மாணவர்கள் மாதத்துக்கு ஒருமுறை ஒரே பாதையில் நடந்து, ஒவ்வொரு 200 மீட்டரிலும் நின்று 'உண்டு, இல்லை' என்று குறித்தால், பல்லாயிரம் தற்செயல் படங்களைவிட அது மேலானது.

பெயர்களைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும், குறிப்பாகத் தமிழ்ச் செயலி என்பதால். ஆகாயத்தாமரை என்று நாளிதழ்கள் எழுதுவது ஏரிகளை மூடும், ஊதா நிறப் பூப் பூக்கும் செடியை; சித்த மருத்துவ நூல்களில் அப்பெயருக்கு உரியது முட்டைக்கோசு போல மிதக்கும் வேறொரு செடி. முன்னதை வெங்காயத்தாமரை என்போரும் உண்டு. சீமைக்கருவேலம், வேலிக்கருவேலம், வேலிகாத்தான் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். அறிவியற்பெயராவது நிலையானது என்று நினைத்தால், 2022இல் அந்த மரத்தின் பேரினத்தையே பிரித்து, புரோசோபிஸ் என்றிருந்ததை நெல்டுமா என்று மாற்றினார்கள். நம் வன்னி மட்டும் பழைய பேரினத்திலேயே நிற்கிறது. ஆகவே பயனர் சொன்ன பெயரை அவர் சொன்னபடியே ஒரு கட்டத்திலும், சரிபார்ப்பாளர் ஏற்ற பெயரை இன்னொரு கட்டத்திலும், மாறாத ஓர் எண்ணை மூன்றாவது கட்டத்திலும் வையுங்கள். பயனர் எழுதிய பெயரை அழித்துவிட்டு அறிவியற்பெயரை மட்டும் வைத்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக உள்ளது; பத்தாண்டு கழித்துத் தவறு எங்கே நுழைந்தது என்று தேடுகிறவருக்கு அந்த முதற்பெயர்தான் தடயம்.

செயற்கைக்கோள் படங்களைப் பயன்படுத்தலாமா என்றும் உங்கள் மாணவர்கள் கேட்பார்கள். ஏரியை மூடிய வெங்காயத்தாமரைக்கு நிச்சயம் பயன்படுத்தலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒருமுறை இலவசமாகப் படம் தருகின்றன. கோடையில் மற்றவை காய்ந்திருக்கும்போது பசுமையாக நிற்கும் சீமைக்கருவேலத்தையும் வறண்ட மாவட்டங்களில் ஓரளவு பிரித்தறியலாம். மரநிழலில் ஒளிந்து படரும் உண்ணிச்செடியை மேலிருந்து பார்க்க வழியில்லை. அங்கே நடந்து போய்ப் பார்ப்பதுதான் வழி.

காட்டோரத்தில் இணைய இணைப்பு இராது என்பதால், இணைப்பின்றிப் பதிந்து, ஊர் திரும்பியதும் தானே அனுப்பும் வசதி தொடக்கத்திலேயே வேண்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் முழுவதையும் திரும்ப எழுத நேரும். படைப்புழுவுக்காக ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2018இல் வெளியிட்ட செயலி இதில் நல்ல முன்மாதிரி. அது விவசாயியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி நிற்கவில்லை. வயலில் வளைந்து வளைந்து நடந்து, ஐந்து இடங்களில் நின்று, இடத்துக்குப் பத்துச் செடிகளைப் பார்த்து, தாக்கப்பட்டவற்றை எண்ணச் சொல்கிறது. எண்ணி முடிக்கும்போது தன் வயலின் நிலை அவருக்கே தெரிந்துவிடும். தகவல் கொடுத்தவருக்கு அவ்விடத்திலேயே ஏதாவது திரும்பக் கிடைத்தது என்று பொருள். தகவலை வாங்கிக்கொண்டு 'நன்றி' மட்டும் சொல்லும் செயலியை யாரும் மூன்றாவது முறை திறப்பதில்லை.

தனிச் செயலி தேவையா என்ற கேள்வியை வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளினேன். என் விடை, முதலாண்டில் தேவையில்லை என்பதே. கலிஃபோர்னியாவில் 2008இல் முதுகலை மாணவர்களின் திட்டமாகத் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட்டில் உங்கள் வட்டத்துக்கென ஒரு திட்டப்பக்கத்தை அரைமணி நேரத்தில் திறக்கலாம்; அங்கே ஆய்வுத்தரம் பெற்று, உரிமமும் இடந்தரும் பதிவுகள் ஜிபிஃப்புக்கும் போய்ச் சேரும். அதே 2008இல் தொடங்கிய இந்தியப் பல்லுயிர்த் தளத்தில் உள்ளூர்ப் பெயர்களுக்கும் இடமுண்டு. பெயர் ஊகிக்க, பிரான்சின் ஆய்வு நிறுவனங்கள் நடத்தும் பிளான்ட்நெட் இருக்கிறது. இவற்றின் ஊகங்கள் வட அமெரிக்க, ஐரோப்பியப் படங்களின் பக்கம் சாய்ந்தவை என்பது மெய். நம் நாற்றுகளையும் காய்களையும் நாம் பதியப் பதிய அக்குறை குறையும். இத்தளங்களில் இல்லாதது இரண்டுதான்: 'இல்லை' என்ற பதிவும், அகற்றிய இடத்துக்கு மறுவருகைக் கணக்கும். உங்கள் மாணவர்களின் உழைப்பை அவ்விரண்டுக்கு ஒதுக்குங்கள். உலகம் ஏற்கெனவே செய்துவைத்ததை இன்னொரு முறை செய்வதற்கு அல்ல.

சட்டமும் பாதுகாப்பும் சுருக்கமாக. புலிகள் காப்பகத்துக்குள்ளும் காப்புக்காட்டுக்குள்ளும் அனுமதியின்றி நுழைந்து படம் எடுக்க உங்கள் செயலி யாரையும் தூண்டக்கூடாது. யானை நடமாடும் பகுதியில் பதிவு எண்ணிக்கைக்குப் பரிசு என்று அறிவிப்பதைக் கனவிலும் நினைக்காதீர்கள். தனியார் தோட்டத்தில் பூச்சி இருக்கிறது என்ற புள்ளியைத் துல்லியமாகப் பொதுவெளியில் காட்டினால், அத்தோட்டத்துக்காரர் அடுத்த முறை வாயே திறக்கமாட்டார். பொதுமக்களுக்கு ஊராட்சி அளவில் மங்கலாகவும், நடவடிக்கை எடுப்பவருக்குத் துல்லியமாகவும் காட்டுங்கள். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. பள்ளிகளைச் சேர்க்க நினைத்தால் இதை முன்கூட்டியே கவனிக்க வேண்டும்.

இனி எங்கே தொடங்குவது. ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டிருப்பதால், உங்கள் வனச்சரகத்தில் இப்பணிக்குப் பொறுப்பான அலுவலர் யார் என்று கேட்டுச் செல்ல உங்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது. கையில் செயலி எதையும் கொண்டுபோகாதீர்கள். கடந்த ஓராண்டில் எந்தெந்த இடங்களில் எந்தக் களை அகற்றப்பட்டது என்ற பட்டியலைக் கேளுங்கள். அவற்றுள் காட்டெல்லைக்கு வெளியே, நடந்து போகக்கூடிய பத்து இடங்களைத் தேர்ந்து, ஒரே ஓர் இனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை சென்று, முளைத்திருக்கிறதா இல்லையா, எத்தனை, என்ன உயரம் என்று தாளிலும் விரிதாளிலும் எழுதி, மாத இறுதியில் ஒரு பக்கத்தை அந்த அலுவலரிடம் கொடுங்கள். ஆறாவது மாதம் அந்தப் பக்கம் வரத் தாமதமானால் அவராகவே தொலைபேசியில் அழைத்துக் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்டால், மாணவர்களிடம் நிரல் எழுதத் தொடங்கச் சொல்லலாம்.